ஜுகாடும் கையெழுத்தும்

வடநாட்டில் வாழும் நமக்கு 'ஜுகாட்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பெட்ரோல் டாங்கில் ஓட்டையா? சோப்பைக் குழைத்து அப்பு. சைலன்சர் தொங்குகிறதா? கம்பியால் கட்டு. தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரவண்டியில் பூட்டி, பாதி ஊரை ஏற்றிச் செல்வதையும் பார்த்திருக்கிறோம். "இந்த நாட்டில் விமானத்தை மட்டும் ஒழுங்காகவா பழுது பார்ப்பார்கள்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

சாலையில் ஒட்டுவேலை தோற்றால் பெரும்பாலும் வண்டி ஓரத்தில் நிற்கும். வானத்தில் ஓரம் கிடையாது. ஆகவே அங்கே கைச்சாமர்த்தியத்துக்கு மதிப்பில்லை, ஏட்டுக்கே மதிப்பு. உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்டால்தான் விமானம் கிளம்பும். உதிரி பாகத்துக்குச் சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவி பழுதானால் எத்தனை நாள் வரை பறக்கலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு. இறக்கையில் வெள்ளி நிற நாடா ஒட்டியிருப்பதைக் கண்டு பயணிகள் திகைப்பார்கள். அது அலுமினிய நாடா. எங்கே ஒட்டலாம் என்பதும் விதிப்படிதான்.

விதியை மீறினால் என்ன ஆகும்? ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் வால்பகுதி 1978-இல் தரையில் உரசியது. பழுது பார்த்தபோது, ஒரே தகடு வைக்க வேண்டிய இடத்தில் இரு துண்டுகளாக வெட்டி வைத்தார்கள். ஏழாண்டு தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேர் மாண்டனர். 1990-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில் முன்கண்ணாடியைப் பொருத்தியவர், பாகங்களின் பட்டியலைப் பாராமல் பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார். 90-இல் 84 போல்ட்டுகள் சற்று மெல்லியவை. நடுவானில் கண்ணாடி பறந்தது. விமானி பாதி உடலோடு வெளியே இழுக்கப்பட்டார். சிப்பந்திகள் பிடித்துக்கொண்டதால் பிழைத்தார்.

இரண்டும் ஒழுங்குக்குப் பெயர்போன நாடுகளின் விமானங்கள். ஜுகாட் நம் நாட்டுக்கு மட்டும் உரிய குணமல்ல. அவசரம் எங்கிருந்தாலும் அது நுழைந்துவிடும்.

ஆகவே, 'தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்' என்று அறிவித்தால் கவுன்ட்டரில் போய்ச் சண்டையிடாதீர்கள். கையெழுத்திட மறுக்கும் பொறியாளர் நம் உயிருக்காகவே மறுக்கிறார். நம் கூச்சல் அவர் மேலதிகாரிக்குக் கேட்டு, அவர் பேனாவை அவசரப்படுத்திவிடக் கூடாது. இன்னொன்று: விமானத்துக்கு இவ்வளவு கேட்கும் நாம், தினமும் நம் குழந்தைகள் ஏறிச் செல்லும் பள்ளி வேனின் பிரேக்கை யார், எப்போது பார்த்தார்கள் என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா?