லைன் வீடுகளிலிருந்து எழுந்து வாருங்கள்!

தோழர்களே! கோலார் தங்கவயல் தோழர்களே!

மாரிக்குப்பத்தில், உரிகத்தில், சாம்பியன் ரீஃபில், கோரமண்டலில் குடியிருக்கும் தோழர்களே! பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. இன்றே பேசுங்கள். நாளை பேசினால் கேட்க ஆள் இருக்காது.

சயனைடு மேடுகளைத் தோண்டப் போகிறார்கள். 13 மேடுகள். ஆயிரம் ஏக்கருக்கு மேல். 3 கோடி டன்னுக்கு மேல் கழிவு மண். அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் சொல்லிவிட்டது.

மேட்டுக்கு விலை பேசுகிறார்கள். மேட்டின் அடிவாரத்தில் கிடக்கும் நம் வீடுகளைப் பற்றி யார் பேசுவது? நாம்தான் பேச வேண்டும். வேறு யாரும் பேசமாட்டார்கள்.

அந்த மண் யார் தோண்டிய மண்? நம் தாத்தன் தோண்டிய மண். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சம் துரத்த வந்தவர்கள் தோண்டிய மண். சேரிக்கு வெளியே ஒரு கூலி கிடைக்காதா என்று வந்தவர்கள் தோண்டிய மண். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியது முதல் 2001-இல் சுரங்கம் மூடும் வரை 120 ஆண்டுகள் தோண்டினோம். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டினோம். சுமார் 800 டன் தங்கம் மேலே வந்தது.

நமக்கு என்ன வந்தது? ஒரு லைன் வீடு வந்தது!

ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு. அதிலேயே படுக்கை. அதிலேயே பிள்ளைப்பேறு. அதிலேயே சாவு. காலை மடக்கிப் படுத்தால்தான் எல்லோருக்கும் இடம். கீழே சுரங்கப் பாறை வெடிக்கும் ஏர் பிளாஸ்ட் அடித்தால் மேலே சுவர் நடுங்கும். சுவர் விரிசலில் காகிதத்தைத் திணித்து, அதன்மேல் சுண்ணாம்பு பூசி, அதை வீடு என்று சொல்லிக்கொண்டோம்.

துரைமார்களுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா. கிளப். கோல்ஃப் மைதானம். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. சுரங்கத்துக்காக வந்த மின்சாரம் அது. நமக்கு? வரிசையில் நின்று பிடிக்கும் தண்ணீர். வரிசையில் நின்று போகும் பொதுக் கழிப்பறை.

அந்தக் கழிப்பறையைச் சுத்தம் செய்தது யார்? நம் சகோதரர்கள்! கையால் மலம் அள்ளும் கொடுமை இந்த நூற்றாண்டிலும் இந்த ஊரில் நடந்தது. தங்கம் விளைந்த ஊரில் நடந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல. வெட்கப்பட வேண்டியவர்களை நம் வாசலுக்கு வரவழைப்போம்!

துரை போனான். 1956-இல் அரசு வந்தது. பெயர்ப் பலகை மாறியது. லைன் மாறவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது. கம்பெனி ஆஸ்பத்திரி போனது. நுரையீரலில் படிந்த கல்தூசி மட்டும் போகவில்லை. சிலிகோசிஸ் வந்து இருமி இருமிச் செத்த அப்பன்மார்கள் எத்தனை பேர்! உங்கள் லைனிலேயே எண்ணிப் பாருங்கள்.

இப்போது காற்றடித்தால் சயனைடு மேட்டின் தூள் வீட்டுக்குள் வருகிறது. சோற்றுப் பானையில் விழுகிறது. தொட்டிலில் விழுகிறது. வாசலில் ஈரத்துணியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் தாய். மேட்டில் எவ்வளவு தங்கம் என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் நெஞ்சில் எவ்வளவு தூள் என்பதற்குக் கணக்கு எங்கே?

கேளுங்கள் தோழர்களே! உரக்கக் கேளுங்கள்!

தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பத்திரம் கொடு! ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பறை கொடு! குழாயில் தண்ணீர் கொடு! தொழிலாளியின் பாக்கியை ஒரு பைசா விடாமல் கொடு! தூசிக்குத் தடுப்பு போடாமல், லைன் மக்கள் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை செய்யாமல் மேட்டில் ஒரு மண்வெட்டியும் படக்கூடாது! தோண்டும் வேலை வந்தால் முதல் வேலை நம் பிள்ளைகளுக்கு!

இது பிச்சை அல்ல. 120 ஆண்டுக் கூலி பாக்கி!

மனு கொடுத்தோமே என்கிறீர்களா? தனித்தனியாகக் கொடுத்தோம். தனித்தனியாகத் திருப்பி அனுப்பினார்கள். பொழுது விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலிக்கு ஓடும் இளைஞர்களே! இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறீர்கள். களைப்பு தெரியும். ஆனால் நீங்கள் திரும்பி வர ஒரு வீடு வேண்டுமே! அந்த வீட்டுக்காக ஒரு மாலை ஒதுக்குங்கள். ரயில் பெட்டியிலேயே பேசுங்கள். பெட்டிக்குப் பெட்டி பேசுங்கள்.

தலைவர் வரட்டும் என்கிறீர்களா? 1930-ஐ நினையுங்கள். விரல் ரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்னது கம்பெனி. நாங்கள் குற்றவாளிகளா என்று கேட்டு வேலையை நிறுத்தினார்கள் நம் முன்னோர். தனித் தலைவர் என்று ஒருவரும் இல்லாமலே நிறுத்தினார்கள். கம்பெனி பணிந்தது. 1946 நவம்பர் 4-ஐ நினையுங்கள். போலீஸ் அடக்குமுறையில் ஆறு தொழிலாளர்கள் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் உயிரையே கொடுத்தார்கள். நாம் குரல் கொடுக்கத் தயங்கலாமா?

மௌனமாக இருந்தால் என்ன ஆகும்? மேடு போகும். லாரி போகும். தங்கம் போகும். கடைசியில் நம்மையும் போகச் சொல்வார்கள். கையில் காகிதம் இல்லாதவனை ஆக்கிரமிப்பாளன் என்பார்கள். இந்த ஊரை உண்டாக்கியவனையே ஆக்கிரமிப்பாளன் என்பார்கள்!

விடமாட்டோம்!

இன்று மாலையே உங்கள் லைனில் கூடுங்கள். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். ரேஷன் கார்டு, பி.எஃப். சீட்டு, கம்பெனி கொடுத்த கடிதம், எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஒன்றும் இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்குச் சாட்சி. லைனுக்கு ஐந்து பேர் கமிட்டி போடுங்கள். அதில் பெண்கள் முன்னால் நிற்கட்டும். தண்ணீர்க் குடத்தைச் சுமந்தவர்களுக்குத்தான் இந்த வீட்டின் கணக்கு தெரியும். லைனும் லைனும் சேரட்டும். ஊரும் ஊரும் சேரட்டும். எல்லா மனுவும் ஒரே மனுவாகட்டும். எல்லோரும் சேர்ந்து போய்க் கொடுப்போம். பதில் வரும்வரை அங்கிருந்து எழமாட்டோம்.

பயமா? பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் இறங்கியவர்களின் பிள்ளைகள் நாம். ஓர் அலுவலகத்தின் படி ஏறவா பயப்படுவோம்?

கதவைத் திறங்கள், தோழர்களே! பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்! இன்றே தட்டுங்கள்!