கல்லறையை யாரிடம் ஒப்படைப்பது?

யுத்தம் எம்மவரைச் சிதறடித்த காலத்தில், உயிரோடிருந்தவர்களோடு இறந்தவர்களும் பிறந்த மண்ணைப் பிரிந்தனர். 1990ஆம் ஆண்டின் பின்னரும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் வெளியேறிய பின்னரும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளிலும் லொட்ஜுகளிலும் தங்கிய குடும்பங்கள் பல. அவர்களிற் சிலர் தம் பெற்றோரைப் பொரளை கனத்தையிலும் மாதம்பிட்டி மயானத்திலும் அடக்கம் செய்ய நேர்ந்தது. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 300க்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எனினும், நகரில் எமது இருப்பு எவ்வளவு உறுதியற்றது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

2009ஆம் ஆண்டின் பின் பலர் வன்னிக்கும் மன்னாருக்கும் தம் வயல்களைத் தேடித் திரும்பினர். வயல் ஓரிடத்தில், தாயின் கல்லறை வேறிடத்தில். போய்வர ஒரு நாட் கூலியும் பிரயாணச் செலவும் வேண்டும். இந்த இடைவெளியில்தான், "நாங்கள் வருடம் முழுவதும் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்பவர்கள் வருகின்றனர். சொன்னபடி செய்பவர்களும் உண்டு. நவம்பர் 2ஆம் திகதி மரித்தோர் நினைவு நாளுக்கு முன் ஒரு தடவை சுண்ணாம்பு பூசிவிட்டு, பன்னிரண்டு மாதக் கூலி வாங்குபவர்களும் உண்டு.

யாரை நம்புவது? இக்கேள்விக்கு விடை விவசாயியிடமே இருக்கின்றது. வயலைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விடும்போது நாம் எல்லையை நடந்து காட்டுகிறோம். நாலு பேர் அறியப் பேசுகிறோம். போகத்துக்குப் போகம் கணக்குப் பார்க்கிறோம். கல்லறை என்று வந்ததும் துக்கமும், "விட்டுவிட்டு வந்துவிட்டோமே" என்ற குற்ற உணர்வும் இந்த நிதானத்தைப் பறித்துவிடுகின்றன. அந்த உணர்வைத்தான் சிலர் காசாக்குகின்றனர். ஆகவே, வயலுக்குக் காட்டும் அதே கவனத்தைக் கல்லறைக்கும் காட்டுவோம்.

முதலாவது, நிலம் யாருடையது என்று அறிய வேண்டும். கனத்தையும் மாதம்பிட்டியும் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பில் உள்ளவை. மயானங்களுக்கென 1899ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. எனவே, பராமரிக்க வருபவர் எவரும் குழியை உங்களுக்கு விற்கவோ, "என்றைக்கும் இருக்கும்" என்று வாக்குக் கொடுக்கவோ முடியாது. மயான அலுவலகத்தில் நேரே கேளுங்கள்: இது ஒதுக்கப்பட்ட நிரந்தரக் குழியா? குறித்த காலத்தின் பின் மீண்டும் தோண்டப்படும் சாதாரணக் குழியா? அப்படியாயின் எந்த ஆண்டில்? அடக்கப் பற்றுச்சீட்டு இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், மரணச் சான்றிதழையும் அடக்கம் செய்த திகதியையும் கொண்டு பதிவேட்டில் தேடும்படி கேட்கலாம். தவணை தெரியாத குழிக்குப் பராமரிப்புக் காசு கட்ட வேண்டாம்.

இரண்டாவது, வேலையைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும். "பராமரிப்பு" என்ற சொல்லுக்குள் எதையும் மறைக்கலாம். கொழும்பில் மே மாதத்தில் தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் மீண்டும் பெருமழை. புல் எத்தனை முறை வெட்டப்படும்? மழையில் தாழ்ந்த மண் எப்போது நிரப்பப்படும்? புதுக் குழியின் மண் இறங்கும். ஆகவே ஒரு வருட மழையாவது கழியாமல் பாரமான கல் வைக்கும்படி யாரும் அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். மாபிளை அசிட் ஊற்றிக் கழுவுபவர் கல்லையே அரிக்கச் செய்கிறார். களைநாசினி அடித்து "துப்புரவாக்கும்" வேலை மண்ணை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூச்சாடியில் தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது. 2017இல் இந்நாட்டில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். சாடியில் ஈர மணலை நிரப்பிப் பூவை அதில் குத்தினால் போதும்.

மூன்றாவது, கொடுப்பனவு. ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள். ஏற்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேலை முடிந்த பின், பற்றுச்சீட்டுடன் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் கேட்கும்போது, பக்கத்துக் கல்லறையின் பெயர்ப் பலகையும் தெரியும்படி கேளுங்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்களா என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொழும்பிலுள்ள உறவினர் ஒருவர் முன்னறிவித்தலின்றிப் போய்ப் பார்க்கட்டும். நவம்பரில் எல்லாக் கல்லறைகளும் வெள்ளையாகத்தான் இருக்கும். யூலையில் பார்த்தால் உண்மை தெரியும். உடையவன் பாராப் பயிர் உருப்படுமா?

நான்காவது, கூலி. காசு வாங்குபவர் ஒருவராகவும், வெயிலில் புல் வெட்டுபவர் வேறொருவராகவும் இருப்பதுண்டு. இடைத்தரகரிடம் பெருந்தொகை போய், உழைப்பவர் கையில் சில்லறை மட்டும் விழுந்தால் அது அநீதி. அப்படிப்பட்ட வேலை நிலைக்கவும் மாட்டாது. வேலை செய்பவரோடு நேரே பேச வேண்டும். அவர் பெயரையும் கூலியையும் அறிய வேண்டும். எல்லாரையும் விட மிகக் குறைவாகக் கேட்பவரிடமும் எச்சரிக்கை தேவை: அந்தக் காசுக்கு எந்த வேலையைச் செய்யாமல் விடுவார் என்று கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு குடும்பம் தனித்துச் செய்வது கடினம். ஆனால் எமது கிராமங்களில் மரண ஆதாரச் சங்கங்கள் இருக்கின்றன. அடக்கச் செலவோடு அவற்றின் பணி ஏன் முடிய வேண்டும்? கொழும்பில் கல்லறை உள்ள பத்துக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தால், ஒரே தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்கலாம். ஆண்டில் இரு தடவை ஒருவரைப் பார்த்துவர அனுப்பலாம். திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தைக் கண்டவர்கள் அதன் ஒழுங்கை அறிவர். அதைப் பராமரிக்கும் பொதுநலவாய ஆணைக்குழு 1917இல் தோன்றியது. இந்தியா உட்பட ஆறு அரசுகள் செலவைப் பங்கிடுகின்றன. ஒவ்வொரு கல்லறைக்கும் பதிவு உண்டு. அரசுகளின் பணம் எம்மிடம் இல்லை. பதிவும் பங்கீடும் எமக்கும் முடியும்.

குழியின் தவணை முடிந்து, புதுப்பிக்க வழியில்லை என்றால் வெட்கப்படவோ கடன்படவோ வேண்டாம். பங்குப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும். ஊர்ச் சேமக்காலையில் ஒரு பொதுக் கல் நாட்டி, வெளியூரில் அடக்கமானோர் பெயர்களைப் பொறிப்பது பிள்ளைகளுக்கும் பயன்படும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பியை எடுங்கள். இறந்தவர் பெயர், மயானம், குழி இலக்கம், தவணை முடியும் ஆண்டு, பற்றுச்சீட்டு யாரிடம் என ஐந்து நிரல்களை வரையுங்கள். முதியவர்கள் இருக்கும்போதே அதை நிரப்பிவிடுங்கள். யாரிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு அதன் பின் வரட்டும்.