ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்கள்

"பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று பிள்ளையின் சொத்தைப்பல்லை அலட்சியம் செய்கிறீர்களா? சற்று நில்லுங்கள்! பால்பற்கள் 20 மட்டுமே. அவற்றுக்குப் பின்னால், ஏறக்குறைய 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. இவை நிரந்தரப் பற்கள். இழந்தால் மறுபடி முளைப்பதில்லை. இவற்றின் பள்ளங்களில் உணவு தங்குவதால் எளிதில் சொத்தை விழும்.

இன்றிரவே வெளிச்சத்தில் எண்ணிப் பாருங்கள். முன்பல் நடுவிலிருந்து ஆறாவதாக நிற்பதே அந்தப் பல். காலையிலும் உறங்குமுன்னும் பட்டாணியளவு ஃபுளோரைடு பற்பசையிட்டு நீங்களே துலக்கிவிடுங்கள். இரவில் துலக்கியபின் பாலோ பிஸ்கட்டோ கொடாதீர்கள். பள்ளங்களை மூடிக் காக்கும் சீலன்ட் பூச்சைக் குறித்துப் பல் மருத்துவரிடம் கேளுங்கள். வலி வருமட்டும் காத்திராதீர்கள்!