மனத்தைப் படிக்கும் இயந்திரம் இல்லை: கள்ளக்குறிச்சிக் கொள்கைப் பிரகடனம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், செவிலியர்கள், கரும்பு விவசாயிகள், மாணவர்கள், கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் ஆகிய நாங்கள் ஒன்றுகூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். ஒருவருடைய விருப்பமும் ஒத்துழைப்பும் இல்லாமல் அவர் மனத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இயந்திரம் இன்று உலகில் எங்கும் இல்லை. இருக்கிறது என்று சொல்லும் செய்தியையும் விளம்பரத்தையும் விசாரணை அறிக்கையையும் சான்று கேட்காமல் ஏற்கமாட்டோம்.

ஏன் இந்த மண்ணிலிருந்து

மூளை ஆய்வுக்கூடம் ஏதும் இல்லாத மாவட்டத்திலிருந்து இந்தக் குரல் ஏன் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இது. ஒருவர் சொல்லும் வார்த்தை எங்கே நம்பப்படவில்லையோ, அங்கேதான் மனத்தைப் படிக்கும் இயந்திரத்துக்குத் தேவை கிளப்பப்படுகிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் அங்கே தாமதமாகவே ஏறின. சந்தேகம் மட்டும் எப்போதும் முந்திக்கொண்டு ஏறியது. சாராய வழக்கு என்றாலும் செம்மரக் கடத்தல் வழக்கு என்றாலும், விசாரணைக்கு முதலில் இழுக்கப்படுவோர் வரிசையில் மலைக்காரர்கள் நிற்கிறார்கள்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதில் இருந்தது மெத்தனால் என்று வேதியியல் கண்டுபிடித்தது. அதே மாதிரியை வேறோர் ஆய்வகத்தில், வேறொருவர் கையில் கொடுத்தாலும் அதே விடைதான் வரும். அறிவியல் சான்று என்று நாங்கள் மதிப்பது இதைத்தான். அந்தத் துயரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மலைக்கு என்ன கொடுத்தோம் என்று அரசைக் கேட்ட விசாரணை அது. அப்படிப்பட்ட கேள்விகளே எங்களுக்குத் தேவை. அவற்றின் இடத்தில் மூளை அலைகளை அளக்க மின்முனைகள் பதித்த தொப்பி ஒன்று வந்தால், அது முதலில் யார் தலையில் மாட்டப்படும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இந்தியாவில் நடந்தது

இது வெறும் கற்பனை அச்சமன்று. பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறைக்குத் தலைமை வகித்த சம்படி ராமன் முகுந்தன் உருவாக்கியது பி.இ.ஓ.எஸ். என்னும் மூளை அலைச் சோதனை. மின்முனைத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். குற்றத்தை அவரே செய்ததுபோல் தன்மையில் அமைந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். நேரில் செய்த அனுபவம் இருந்தால் மூளையின் மின்னலைகள் காட்டிக்கொடுத்துவிடும் என்பது இதன் உரிமைகோரல்.

2008 ஜூன் மாதம் புனே நீதிமன்றம் ஒன்று, கொலை வழக்கில் இளம்பெண் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது இந்தச் சோதனை முடிவையும் சான்றாக ஏற்றுக்கொண்டது. உலகமெங்கும் நரம்பியல் அறிஞர்கள் அதிர்ந்தார்கள். சுயேச்சையான ஆய்வாளர்கள் சரிபார்க்காத ஒரு முறை, ஓர் உயிரின் வாழ்நாள் சிறைக்குச் சான்றாகிவிட்டது. பின்னர் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. அதே 2008-இல் நிம்ஹான்ஸ் இயக்குநர் டி. நாகராஜா தலைமையிலான நிபுணர் குழு, இத்தகைய மூளைச் சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது, நீதிமன்றச் சான்றாக இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று கூறியது.

2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு முடிவான தீர்ப்பைத் தந்தது. உண்மை கண்டறியும் சோதனை, மயக்க மருந்துச் சோதனை, மூளை அலைச் சோதனை ஆகிய மூன்றில் எதையும் ஒருவர்மீது கட்டாயமாக நடத்தக் கூடாது. அப்படி நடத்துவது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வற்புறுத்தப்படாத உரிமையையும், தனிமனிதச் சுதந்திரத்தையும் மீறுவதாகும். ஒருவர் சம்மதித்தாலும் சோதனை முடிவு தன்னளவில் சான்றாகாது. அந்தச் சம்மதமும் வழக்கறிஞர் துணையோடு குற்றவியல் நடுவர் முன்னிலையில் பதிவாக வேண்டும். 2025 ஜூனில் பீகார் வழக்கொன்றில் இதே நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. காவல் நிலையத்தில் நிற்பவருக்கு அது போய்ச் சேரவில்லை. “தப்பு செய்யலேன்னா சோதனைக்கு ஏன் பயப்படுற?” என்ற ஒரே கேள்வி அந்தத் தீர்ப்பு முழுவதையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. மறுத்தால் குற்றவாளி என்ற முத்திரை, ஒப்புக்கொண்டால் இயந்திரத்தின் தயவு என்ற நிலையில் ஒருவர் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று நாங்கள் ஏற்க மாட்டோம்.

அறிவியல் உண்மையில் சொல்வது

செய்திகளில் வண்ண வண்ணமாக ஒளிரும் மூளைப் படங்கள் பெரும்பாலும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் எடுக்கப்படுபவை. அக்கருவி எண்ணத்தைப் படம் எடுப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எங்கே மாறுகிறது என்று பார்க்கிறது. அந்த மாற்றம் உச்சத்தை எட்ட ஐந்தாறு நொடிகள் ஆகும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கும். வண்ணங்களைத் தீட்டுவது புள்ளியியல் கணக்கு. கணக்கில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டும் அவர் குழுவினரும் காட்டினார்கள். செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். திருத்தம் செய்யாத கணக்கில், செத்த மீனின் மூளையிலும் “செயல்பாடு” தெரிந்தது.

2011-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் வெளியான ஒரு கட்டுரை, ஐபோனைப் பார்க்கும்போது மூளையின் இன்சுலா பகுதி ஒளிர்வதால் மக்கள் அதை உண்மையாகவே காதலிக்கிறார்கள் என்றது. நாற்பதுக்கும் மேற்பட்ட நரம்பியல் அறிஞர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். மூளைப் பட ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அந்தப் பகுதி ஒளிரத்தான் செய்கிறது என்றார்கள். வலியிலும் அருவருப்பிலும் ஒளிரும் இடத்தைக் காதலின் இடம் என்று எப்படிச் சொல்வது?

2023-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாக ஆய்வு, “மனத்தைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவு” என்ற தலைப்புகளோடு உலகைச் சுற்றி வந்தது. அந்த ஆய்வில் பங்கேற்ற ஒவ்வொருவரும் கருவிக்குள் பதினாறு மணி நேரம் படுத்துக் கதை கேட்டார்கள். மூளைப் பதிவைச் சொற்களாக்க ஒருவரிடம் பயிற்சி பெற்ற கணினி நிரல் இன்னொருவர் மூளையில் பலிக்கவில்லை. மனத்துக்குள் விலங்குகளின் பெயர்களைச் சொல்லியோ, வேறு கதை நினைத்தோ அதைத் தடுக்கவும் முடிந்தது. இவையெல்லாம் ஆய்வாளர்கள் தாமே எழுதி வைத்தவை. தலைப்பு எழுதியவர்கள்தாம் அவற்றை விட்டுவிட்டார்கள்.

மூளை ஆய்வுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. பக்கவாதத்தாலும் நரம்புச் சிதைவு நோயாலும் பேச்சிழந்தவர்களின் மூளையில் மின்முனைகள் பொருத்தி, அவர்கள் பேச முயல்வதைச் சொற்களாக மாற்றும் ஆய்வுகள் 2023-இல் நிமிடத்துக்கு அறுபது, எழுபது சொற்களை எட்டின. அவற்றை நன்றியோடு வரவேற்கிறோம். அங்கே நோயாளி பேச விரும்புகிறார், கருவி அவருக்கு உதவுகிறது. பேச விரும்பாதவரிடமிருந்து பிடுங்குவதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

எங்கள் கொள்கைகள்

1. மௌனம் உரிமை. அதைக் குற்றத்தின் அடையாளமாக எந்த அதிகாரியும் எந்த இயந்திரமும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. சான்றளிக்கும் கடமை உரிமைகோருபவருக்கே உண்டு. கொழும்பில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், பிறர் எண்ணத்தை அறிவதாகச் சொன்னவர்களுக்கு ஏமாற்ற முடியாத சூழலில் நிரூபிக்கும்படி பணத்தோடு அறைகூவல் விட்டார். அதே அறைகூவலை இயந்திரங்களுக்கும் விடுகிறோம்.

3. வெற்றிலையில் மை போட்டுத் திருடனைக் கண்டுபிடிப்பதை மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். மை இருந்த இடத்தில் கணினித் திரை வந்துவிட்டதால் அது அறிவியலாகிவிடாது. சோதிக்கப்படாத தீர்ப்பு எந்த உடையில் வந்தாலும் எதிர்ப்போம்.

4. மூளையிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு தரவும் அந்த மனிதருக்கே சொந்தம். 2021-இல் சிலி நாடு மூளைச் செயல்பாட்டுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு தந்தது. இந்தியாவும் தர வேண்டும்.

5. பிள்ளைகளின் தலை சோதனைக்களமாகக் கூடாது. சீனாவின் செஜியாங் மாகாணத்தில் மாணவர் கவனத்தை அளப்பதாகச் சொல்லித் தலைப்பட்டை மாட்டிய பள்ளி, 2019-இல் எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதை நிறுத்தியது. எங்கள் மாவட்டப் பள்ளி எதிலும் அது தொடங்கவே கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

தமிழ்நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் செல்வி தீர்ப்பின் சாரம் எளிய தமிழில் எழுதி மாட்டப்பட வேண்டும். இச்சோதனைகளுக்கான செலவும் அவற்றால் துலங்கிய வழக்குகளின் எண்ணிக்கையும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மூளை ஆய்வுச் செய்தி வெளியிடும் இதழ்களும் தொலைக்காட்சிகளும் எத்தனை பேரிடம், எத்தனை மணி நேரம், யாருடைய சம்மதத்தோடு, எத்தனை முறை தவறி அந்த முடிவு கிடைத்தது என்பதையும், வேறு ஆய்வகம் அதைச் சரிபார்த்ததா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எங்கள் பணி

சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் ஊர்களிலும் வெள்ளிமலையிலும் படிப்பு வட்டங்கள் நடத்துவோம். மூளைச் செய்தி ஒன்று வந்தால் மூல ஆய்வைத் தேடி எடுத்து, அதில் இருப்பதையும் இல்லாததையும் தமிழில் எழுதுவோம். சோதனைக்கு அழைக்கப்படும் ஏழைகளுக்கு வழக்கறிஞர் துணை தேடித்தருவோம். கிராம சபைகளில் இந்தக் கொள்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுவோம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைத்தான் செய்கிறோம்.

இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் எங்களோடு சேர அழைக்கிறோம். கல்வராயன் மலையிலிருந்து வரும் ஒரு பெண் காவல் நிலையத்தில் நின்று, “இந்தச் சோதனை எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, அதற்காக ஒரு வசவுச் சொல்கூடக் கேட்காமல் வீடு திரும்ப முடிகிற வரை இந்த இயக்கம் ஓயாது.