பழைய சத்ரியா ஜிடிஐ வாங்கப் போறீங்களா? முதல்ல கிரானைப் பாருங்க

புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ 1998இல் வெளிவந்தபோது, அது பல மலேசிய இளைஞர்களின் கனவு வண்டி. 1.8 லிட்டர் 4ஜி93 இன்ஜின், சுமார் 140 குதிரைத்திறன், ஐந்து கியர். கூடவே 'ஹேண்ட்லிங் பை லோட்டஸ்' பேட்ஜ். பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை 1996இல் புரோட்டோன் வாங்கியதன் பலன் அது.

உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. அசல் வண்டிகள் குறையக் குறைய மவுசு கூடுகிறது. மவுசு கூடும் இடத்தில் போலியும் வரத்தானே செய்யும்?

எது அசல்னு எப்படித் தெரியும்?

சத்ரியா 1.3, 1.5, 1.6 லிட்டர்களிலும் விற்கப்பட்டது. பாடி ஒன்றுதான். பம்பர், ஸ்பாய்லர், பேட்ஜ் மாட்டினால் சாதாரண 1.6கூட ஜிடிஐ மாதிரியே நிற்கும். சிலர் 4ஜி93 இன்ஜினையும் மாற்றிப் போட்டிருப்பார்கள்.

அதனால் தோற்றத்தைப் பார்த்து மயங்காதீங்க. கிரானை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை, கேளுங்க. மாடல் பெயர், இன்ஜின் கொள்ளளவு, இன்ஜின் எண், சேசிஸ் எண் எல்லாம் அதில் இருக்கும். ஜிடிஐயின் கொள்ளளவு 1,834 சிசி.

ரோட் டேக்ஸும் கதை சொல்லும். தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள 1,834 சிசி காருக்கு ஆண்டுக்கு 297 ரிங்கிட். 1.6 காருக்கு 90 ரிங்கிட்தான். "இது ஒரிஜினல் ஜிடிஐ" என்று சொல்பவர் 90 ரிங்கிட் கட்டிக்கொண்டிருந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

போலியா இருந்தா என்ன, ஓடினால் போதாதா?

1.6 என்று சொல்லி, 1.6 விலைக்கு விற்றால் பிரச்சினை இல்லை. ஆனால் இன்ஜினை மாற்றிவிட்டு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதியாமல் விட்டிருந்தால், விபத்து நேரத்தில் காப்புறுதி இழப்பீடு சிக்கலாகலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து சேசிஸ் எண்ணில் இருக்கிறது. பாடியில் பொறித்த எண்ணைக் கிரானோடு ஒப்பிடுங்க. சுற்றிலும் வெல்டிங் தழும்போ, தேய்த்த அடையாளமோ இருந்தால், அது திருட்டு வண்டியாகவோ, இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியதாகவோ இருக்கலாம். என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். நாளைக்குப் போலீஸ் பறிமுதல் செய்தால், வண்டியும் போகும், பணமும் போகும்.

உரிமை மாற்றத்துக்கான பி5 ஆய்வு இந்த அடையாளங்களைச் சரிபார்க்கத்தான். "ஆய்வு முடிந்ததும் மீதிப் பணம்" என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்க. ஆனால் பி5இல் தேறியது என்றால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

'சம்போங் பாயார்' வண்டி கிடைச்சா?

இன்னொருவரின் வங்கிக் கடனை நீங்கள் தொடர்ந்து கட்டுவதுதான் அது. பணம் உங்களுடையது, வண்டி உங்கள் பெயரில் இருக்காது. வங்கியின் அனுமதியில்லாமல் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்துக்கும் முரணானது. மலிவாகத் தெரியும், மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இன்ஜினில் எதைப் பார்க்கணும்?

காகிதம் சரியாக இருந்தால் மட்டுமே பானெட்டைத் திறங்க. நீங்கள் வரும்வரை இன்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிடுங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் புகையும் சத்தமும் உண்மையைச் சொல்லும். நீலப்புகை வந்தால், எண்ணெய் எரிகிறது.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்க. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும். செலவு பல மடங்காகும். பூட்டில் ஸ்பேர் டயரைத் தூக்கி, அடியில் துருவும் வெல்டிங்கும் இருக்கிறதா பாருங்க. விற்பவருக்குத் தெரிந்த ஃபோர்மேன் வேண்டாம். உங்கள் ஃபோர்மேனை அழைத்துப் போங்க.

இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், பெரும்பாலும் ரொக்கம்தான். கையிலிருப்பதை எல்லாம் விலைக்கே கொடுத்துவிடாதீங்க. பெல்ட், பிரேக், டயர், புஷ் என்று முதல் ஆண்டுச் செலவை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் உண்மையான பட்ஜெட்.