நாய்ச் சாப்பாடு தொழிற் செலவா?

ஸ்காபரோவில் வீட்டில் வைத்துப் பிள்ளைகள் பார்க்கும் தங்கச்சி ஒருவர், வரிக் கணக்குக்கென்று பற்றுச்சீட்டுக் கட்டோடு வந்தார். ஓய்வு பெற்றாலும் கணக்காளரை விடமாட்டார்கள்! நாய்ச் சாப்பாடு, மிருக வைத்தியர் எல்லாம் தொழிற் செலவாம்.

"பிள்ளையள் நாயோடைதானே அண்ணை விளையாடுதுகள்."

"நாளைக்குப் பிள்ளையள் வராட்டில் நாயைக் குடுத்துவிடுவீரோ?"

பதில் இல்லை.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. கனடா வருமான வரிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வருமானம் தேடச் செய்த செலவைத்தான் கழிக்க விடும். சொந்தச் செலவை விடாது. பிள்ளைகளுக்கென்றே வாங்கிய மீன்தொட்டி என்றால் வாதாடிப் பார்க்கலாம். வீட்டு நாய்க்கு முடியாது.

என் கோபம் நாயில் இல்லை. வாடகை, மின்சாரம், குளிர்காலச் சூடாக்கல் இவற்றில் பிள்ளை பார்க்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் உரிய பங்கை அவர் போடவேயில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்த பாலுக்கும் சோற்றுக்கும் சீட்டே இல்லை. உரியதை விட்டுவிட்டு நாயின் வாலைப் பிடிக்கலாமா?

சீட்டுகளை 6 வருஷம் வைத்திருக்க வேண்டும். வரிக்காரர் கேட்கும் நாளில், அந்த ஒரு நாய்ச் சீட்டு மற்ற நேர்மையான சீட்டுகளையும் சந்தேகப்பட வைக்கும். கஷ்டப்பட்டு உழைக்கிற எங்கள் பெண்களுக்கு அது தேவையா?