அச்சம் குற்றமன்று

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார் திருவள்ளுவர். அந்நான்காம் கூறாக இன்று நம்முன் நிற்பவர் செவிலியர். படிப்பை முடித்து, அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகப் பணியேற்கும் இளஞ்செவிலியரிடம் நாம் துணிவை எதிர்பார்க்கிறோம். அத்துணிவை அவர் பெறுவதற்கு நாம் செய்தது என்ன? பட்டாசுத் தொழிலால் வாழும் சிவகாசி வட்டாரம் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

இரு விபத்துகள்

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்துச் சிதறியது. உதவ ஓடி வந்தோரும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், தீபாவளிக்குச் சில நாள்களே இருந்த வேளையில், சிவகாசி நகரிலேயே பட்டாசுகள் தீப்பற்றின. அன்று இறந்தோருள் பெரும்பாலோர் அருகிலிருந்த ஸ்கேன் மையத்தில் புகையால் மூச்சுத்திணறியவர்கள். இத்தகைய நாள்களில் மருத்துவமனை வாயிலுக்கு நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வருவதில்லை. ஒரே நேரத்தில் பலராக வருகின்றனர்.

அலறலும் அமைதியும்

அந்நேரத்தில் புதிய செவிலியரின் கண்ணும் காதும் அலறுபவரிடமே முதலில் செல்லும். அது மனித இயல்பு. ஆயின், மேலோட்டமான தீக்காயமே மிகுந்த வலி தரும். தோலின் முழு ஆழத்தையும் எரித்த காயத்தில் நரம்பு முனைகள் அழிந்துவிடுவதால் வலி குறைந்திருக்கும். தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவரின் மூக்கு மயிர் கருகியிருந்தாலோ, குரல் கம்மியிருந்தாலோ, அவரது மூச்சுக்குழாய் விரைவில் வீங்கி அடைபடக்கூடும். எனவே, அமைதியாக இருப்பவரையும் தேடிச் சென்று பார்க்க வேண்டும்.

“எத்தனை மணிக்குத் தீப்பட்டது?” என்னும் எளிய கேள்வியும் உயிர் காக்கும். பெருந்தீக்காயத்திற்கு முதல் 24 மணி நேரத்தில் செலுத்த வேண்டிய திரவத்தில் பாதியை முதல் 8 மணி நேரத்திற்குள் செலுத்துவது வழக்கம். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நொடியிலிருந்து கணக்கிடப்படுகிறது. மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அன்று. நூலில் இவற்றைப் படித்திருந்தாலும், நெருக்கடியில் நினைவுக்குக் கொண்டுவரப் பழக்கம் வேண்டும்.

உடன் நிற்கும் கை

ஆகவே, தொடக்க மாதங்களில் புதிய செவிலியர் எவரும் அவசரப் பிரிவில் தனித்து நிறுத்தப்படலாகாது. மூத்த செவிலியர் ஒருவர் அவருடன் நிற்றல் வேண்டும். ஆலைகளில் வேலை பெருகும் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஒத்திகைகள் நடத்தப்பட வேண்டும். கொடுங்காட்சிகளைக் கண்டு பணி முடித்துச் செல்பவரிடம், “இன்று எப்படி இருந்தது, அம்மா?” என்று கேட்பதற்கும் ஒருவர் வேண்டும்.

செவிலியர் பற்றாக்குறையுள்ள இடங்களில் இஃது இயலுமா எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும், தனித்து விடப்பட்டவர் அஞ்சித் தவறிழைத்தால் இழப்பு நோயாளிக்கு; மனம் உடைந்து பணியைத் துறந்தால் பற்றாக்குறை மேலும் பெருகும். உடன் நிற்கும் சில மாதங்கள் செலவாகா, அவை முதலீடாகும்.

செவிலியரைத் தேவதை என்றும் தியாகி என்றும் போற்றுகிறோம். புகழுரை பயிற்சிக்கு ஈடாகாது. முதல் நாளில் கை நடுங்குவது குற்றமன்று. நடுங்கும் கையைப் பற்ற மற்றொரு கை இல்லாமற்போவதே குற்றம். மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் அந்த வெண்ணிற உடையை அணியக்கூடும். அன்று அஞ்சாமல் உதவி கேளுங்கள். ஆண்டுகள் சில கடந்தபின், புதிதாக வருபவர் அருகில் நீங்கள் நில்லுங்கள்.